மணிக்குள் வைத்த காக்கித் துணி

பிள்ளைகளே, அலமாரியில் இருக்கிற பதினொரு கறுப்பு டெலிபோன்களை ஏன் எந்தக் கண்காட்சிக்கும் கொடுக்க மாட்டேன் என்கிறாய் நைனா என்று போன மாதம் கேட்டீர்கள். தூசி படியும், கைதவறி உடைத்துவிடுவார்கள் என்று ஏதோ சொல்லி வைத்தேன். அது பொய். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சித்தூரில் டெலிபோன் மெக்கானிக். விரல் விட்டுச் சுற்றுகிற பழைய டெலிபோன்கள் மேல் எனக்கு ஒரு பைத்தியம். கழித்துக்கட்டி ஏலம் போட்டவற்றில் சிலதை எடுத்தேன். கார்வேட்டிநகரத்தில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது ஒன்று கிடைத்தது. எல்லாவற்றையும்விட எனக்கு ஆசை அந்தக் காலத்தில் கண்காட்சியில் வைத்திருந்த டெலிபோன்கள் மேல்தான். வெள்ளைக்காரன் காலத்தில் மெட்ராஸில் டெலிபோனையே ஓர் அதிசயமாக மேசையில் வைத்து ஜனங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். அப்படி வைத்ததன் அடியில் ஒரு காகிதச் சீட்டு ஒட்டியிருக்கும். என்னிடம் அப்படி இரண்டு இருந்தன. மூன்றாவது மேட்ரனம்மா வீட்டில் இருந்தது, ஆஸ்பத்திரி அவசரத்துக்கென்று எப்போதோ மாட்டியது.

மேட்ரனம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவர். நம் சபைதான். கணவர் இல்லை. ஒரே மகன் பம்பாயில். சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டான் என்று, "என் வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். நாலு வருஷமாகப் பேச்சு இல்லை.

அந்த வருஷம் திருப்பதியில் ஒரு கல்லூரியில் பத்து நாள் பழம்பொருள் கண்காட்சி. என் டெலிபோன்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராக மேட்ரனம்மாவிடம் போய் நின்றேன்.

"இத்த குடுத்துட்டு நான் இன்னாத்துல பேசறதுப்பா?" என்றார்.

"வேற ஒண்ணு மாட்டிட்டுப் போறேம்மா. பத்தே நாளு."

"என்கிட்ட யாரு பேசப் போறாங்கன்னு நெனைக்கிறியா? எம் பையன் ஒருநாள் இல்ல ஒருநாள் கூப்புடுவான். அதுக்குத்தான் இத்தக் காவல் காத்துக்கினு இருக்கேன். ஆஸ்பத்திரிக்கு நான் இன்னாத்துக்கு இப்ப?"

"கூப்ட்டா நான் மாட்டறதுலயும் கேக்கும்மா. எல்லாம் ஒரே மெஷின்தான்."

என் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுபோய் மாட்டினேன். ரிசீவரை எடுத்தேன், லைன் இருந்தது. புதிதாக மாட்டினால் எக்ஸ்சேஞ்சில் இருக்கிற டெஸ்ட் ரூமைக் கூப்பிட்டு, அங்கிருந்து திருப்பி மணி அடிக்கச் சொல்லி, காதால் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அது எங்கள் தொழிலின் முதல் பாடம். அன்றைக்கு டெஸ்ட் ரூமை நான் கூப்பிடவில்லை. யாரைக் கேட்டு மாற்றினாய் என்று ஆபீஸில் கேள்வி வரும் என்ற பயம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி. நீங்களோ அந்த டெலிபோன்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள், ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே மணி கிணுங்கும். "ஏங்க, ஒண்ணு அந்த மணிய நிறுத்துங்க, இல்ல என் தலைய எடுத்துடுங்க" என்று இதற்கு முன்பே ஒருநாள் அவள் கத்தினாள். என் பழைய காக்கிச் சட்டையைக் கிழித்து, ஒவ்வொரு டெலிபோனிலும் மணிக்கும் அதை அடிக்கிற சுத்திக்கும் நடுவே ஒரு துண்டு மடித்துத் திணித்து வைத்தேன்.

கண்காட்சியில் என் மேசையில்தான் கூட்டம். மலையிறங்கி வந்த மொட்டைத் தலைகள், காய்ந்த சந்தனத்தோடு, வரிசையில் நின்று டயலைச் சுற்றிப் பார்த்தார்கள். எட்டாம் நாள் சனிக்கிழமை, மதியம். பெரியவர் ஒருவர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு தெலுங்கில், "இதி மோகுதுந்தா?" என்றார். இது அடிக்குமா என்கிறார்.

"மோகதய்யா, லோபல குட்ட பெட்டினா," என்றேன் பெருமையாக. அடிக்காதய்யா, உள்ளே துணி வைத்திருக்கிறேன்.

சொன்ன வாய் மூடவில்லை, ஞாபகம் வந்தது. மேட்ரனம்மா வீட்டில் மாட்டியதும் என் அலமாரியிலிருந்து எடுத்ததுதானே!

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். புத்தலப்பட்டு வழியாகச் சித்தூர் போகிற பஸ் கிளம்ப நின்றது. படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். மறுநாள் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், சீட்டு ஒட்டிய டெலிபோன் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும், போட்டோ எடுப்பார்கள் என்று கல்லூரி வாத்தியார் சொல்லியிருந்தார். சித்தூர் ஆபீஸுக்குப் போன் போட்டு யாரையாவது அனுப்பலாம், அனுப்பினால் என் குட்டு உடையும். நாலு வருஷமாகக் கூப்பிடாதவன் இந்த ரெண்டு நாளிலா கூப்பிடப் போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்டக்டர், "எக்குத்தாவா, லேதா?" என்று அதட்டினார். ஏறுகிறாயா இல்லையா என்கிறார். காலைக் கீழே வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மேட்ரனம்மாவின் டெலிபோனை அவர் வீட்டில் திரும்ப மாட்டினேன்.

"எதுனா கால் வந்துதாம்மா?"

"வந்தா எடுக்க மாட்டனா? காது நல்லாத்தான் கேக்குது எனக்கு. போட்டோல்லாம் எடுத்தாங்களா உன்ன?"

"எடுத்தாங்கம்மா."

பத்து நாள் கழித்துச் சொல்லியனுப்பினார். போனேன். ஒரு கடிதத்தை என் கையில் கொடுத்து, படி என்றார். மகன் எழுதியது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அதைச் சொல்லச் சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் டிரங்க் கால் போட்டேன், வீட்டில் யாரும் எடுக்கவில்லை என்று எக்ஸ்சேஞ்சில் இரண்டு தடவையும் சொன்னார்கள். அம்மாவின் கோபம் இன்னும் தீரவில்லை என்று தெரிந்துகொண்டேன், இனித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

"ரெண்டு நாளும் சாயங்காலம் நான் இதோ இந்த நாற்காலிலதான்பா குந்திக்கினு இருந்தேன். நீ டெலிபோன்காரன், நீ சொல்லு. அடிச்சிருந்தா எனக்குக் கேக்காம பூடுமா?"

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"லைன் கோளாறா இருக்கும்மா. டிரங்க் லைன்ல இப்பிடி ஆவறதுதான்."

"அப்பிடியா," என்றார். "அப்பிடியே எழுதிடறேன் அவனுக்கு."

எழுதினார். பதில் வரவில்லை. இன்னொரு தடவையும் எழுதினார். பம்பாய் மாதிரி ஊரில் எத்தனை வீடு மாறியிருப்பானோ. அதற்குப் பிறகு மேட்ரனம்மா சாயங்கால ஜெபக்கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். கால் வலி என்று சபையில் சொன்னார்கள். கால் வலி இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் அந்த நாற்காலியை விட்டு அவர் நகரவில்லை. லைன் பார்க்கிற சாக்கில் நான் மாதம் ஒரு தடவை போவேன். டெஸ்ட் ரூமிலிருந்து மணி அடிக்கச் சொல்வேன். அடிக்கும்போதெல்லாம் அவர் முகம் நிமிரும். நான்தான் அடிக்கச் சொன்னேன் என்று தெரிந்தும் நிமிரும். உண்மையை நான் சொல்லவே இல்லை.

மழைக்காலத்தில் காலமானார். சபையிலிருந்து பழைய விலாசத்துக்குத் தந்தி கொடுத்தார்கள். மகன் வரவில்லை. அடக்கம் முடிந்ததும் ஆஸ்பத்திரி ஆட்கள் அந்த டெலிபோனை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். "உனக்குத்தான் குடுக்கணும்னு எழுதி வெச்சிருந்தாங்க," என்றார்கள்.

அன்று சாயங்காலம் நீங்களும் அம்மாவும் சபைக் கோயிலிலிருந்து இன்னும் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அலமாரியிலிருந்த பத்தையும் இறக்கி, ஒவ்வொன்றாகத் திருகாணியைக் கழற்றி, காக்கித் துண்டை உருவினேன். உருவியதும் சுத்தியை ஒரு தடவை விரலால் சுண்டிவிட்டேன். பத்தும் அடித்தன. மேட்ரனம்மாவின் டெலிபோனையும் திறந்தேன். அதில் உருவுவதற்கு ஒன்றும் இல்லை. உள்ளே தூசியைத் துடைத்துவிட்டு மூடினேன்.