கயிற்றைத் தளர விட்ட காலை

போன வருடம் பங்குனி மாதம், திருகோணமலை உட்துறைமுக வீதியில் தொடங்கிய கதை இது. காலையில் அந்த வீதியில் நடப்பவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் அலையே இல்லாத துறைமுகத் தண்ணீர், மற்றப் பக்கம் வீட்டு மதில்கள், நடுவில் கை வீசி நடப்பவர்கள், அவர்களை ஒரு பொருட்டாகவும் எடுக்காமல் குப்பை கிளறும் மான்கள். அந்த அமைதியைத் தினமும் குலைத்தது நானும் எங்கள் நாயும்தான்.

நான் குச்சவெளிப் பக்கத்துப் பெண். அப்பா கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைத் தொழில் செய்பவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதும், பல்கலைக்கழகம் போனதும், அரசாங்க வேலையில் கையெழுத்து வைத்ததும் நான்தான் முதல். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஊரில் அம்மா என்னைவிட அதிகமாகச் சொல்லித் திரிகிறா. வேலை பட்டணத்தில் கிடைத்ததும் ஒரு வீட்டோடு ஒட்டிய சின்ன அனெக்ஸை வாடகைக்கு எடுத்தேன். உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு படிக்கத் தங்கச்சியும் என்னோடு வந்து சேர்ந்தாள். ஊரில் அந்தப் பிரிவு இல்லை.

அம்மாவுக்கு அது முழுச் சம்மதமில்லை. நான் வெளிக்கள வேலை முடித்து வர இருட்டிவிடும். அதுவரைக்கும் பிள்ளை தனியே இருக்கிறாள் என்று ஒவ்வொரு நாளும் போனில் புலம்புவா. கடைசியில் அப்பா ஒரு முடிவு எடுத்தார். பட்டணத்துக்கு மீன் ஏற்றி வரும் லொறியில் எங்கள் நாய் பிறவுணியை ஏற்றி அனுப்பிவிட்டார். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து மீன் நாற்றத்தோடு இறங்கிய நாயைப் பார்த்துத் தங்கச்சி அழுதே விட்டாள். அன்றிலிருந்து அம்மாவின் போன் குறைந்தது.

பிறவுணி கடற்கரையில் வளர்ந்தவன். அங்கே அவன் ஒரு நாயோடும் சண்டைக்குப் போனதை நான் கண்டதில்லை. பட்டணத்தில் வெறும் முற்றத்தில் கட்டிவைக்க மனம் வராமல், அப்பாவின் நைலோன் கயிற்றுத் துண்டொன்றைக் கழுத்துப் பட்டியில் முடிந்து காலையில் நடக்கக் கூட்டிப் போனேன். முதல் நாளே தெரிந்தது, இது எங்கள் பிறவுணி இல்லை. எதிரில் ஒரு நாயைக் கண்டால் போதும், பின்னங்கால்களில் எழும்பி நின்று, கண் பிதுங்க, ஊரே திரும்பிப் பார்க்கக் குரைப்பான். நான் இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இழுக்க இழுக்க அவன் இன்னும் மோசமாவான். மான்கள் கூட எங்களைக் கண்டால் இடம் மாறின.

தங்கச்சி ஒரு நாள் கேட்டாள், "அக்கா, நீங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு போறியளோ, நாய் உங்களைக் கூட்டிக்கொண்டு போகுதோ?"

பிஸ்கட் கொடுத்துப் பார்த்தேன். நேரத்தை மாற்றிப் பார்த்தேன். எந்த நேரம் போனாலும் ஒருவரை மட்டும் தவிர்க்க முடியவில்லை. எங்கள் ஒழுங்கையின் முடிவில் குடியிருந்த ஒரு தாதி. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஆஸ்பத்திரி வேலை நேரம் மாறி மாறி வருவதால் எப்போது வேண்டுமானாலும் எதிர்ப்படுவா. கையில் புரூனோ என்ற பெரிய கறுப்பு நாய். அவனும் பிறவுணியைக் கண்டால் சும்மா இருப்பவன் இல்லை.

ஒரு காலை இரண்டு பேரும் ஒரு மூலையில் திடீரென்று முகத்துக்கு முகம் சந்தித்துவிட்டோம். நான் இழுத்தேன், அவ இழுத்தா, என் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போனது. இரண்டு நாய்களும் ஒன்றாகப் புரண்டன. காயம் பெரிதாக இல்லை, நாய்களுக்கு. விலக்கப் போன தாதிதான் விழுந்து முழங்கால் தேய்ந்து இரத்தம் வந்தது. அவ என்னை ஏசவில்லை. நொண்டிக்கொண்டு நாயை இழுத்துப் போனா. அது ஏசுவதைவிட மோசமாக இருந்தது.

செய்தி எங்களுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது. வீட்டுக்கார அன்ரி கேற்றடியில் நின்றா. நல்ல மனுசி, வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கும் சேர்த்துச் சமைப்பா.

"மகள், உங்கள் ரெண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும்," என்று தொடங்கினா. "ஆனா நான் கலியாணம் முடிச்சு வந்த நாள் தொட்டு, சண்டை எண்டு ஒருத்தரும் என்ர வாசலில வந்து நிண்டதில்லை. இன்னொருக்கா இப்பிடி நடந்தா நாய் ஊருக்குப் போகவேணும்."

ஓம் அன்ரி என்றேன்.

நான் மறைத்ததைத் தங்கச்சி அம்மாவிடம் உளறிவிட்டாள். அம்மாவின் பதில் சுருக்கமாக வந்தது: நாய் திரும்பி வந்தால் பிள்ளையும் திரும்பி வரட்டும், ஊரில் இருக்கிற பாடத்தைப் படிக்கட்டும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவதாகப் பல்கலைக்கழகம் போகவேண்டியவள் தங்கச்சி. அது ஒரு நாயின் குரைப்பில் வந்து தொங்கியது.

அந்தச் சனிக்கிழமை அம்மாவோடு நேரில் பேசலாம் என்று முதல் பஸ்ஸில் தனியே ஊருக்குப் போனேன். அம்மா அசையவில்லை. மீன் குழம்பு மட்டும் நிறைய வைத்தா. மனம் ஆறாமல் கடற்கரைக்குப் போனேன். வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கண்டதும் கை சும்மா இருக்காது. சின்ன வயதில் செய்தது போல வரிசையின் கடைசியில் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

கரைவலைக் கயிறு பிடிக்கத் தெரிந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். கடல் இழுத்தால் குதிக்காலை மணலில் ஊன்று, உடம்பைப் பின்னால் சாய், ஒரு விரற்கடை கூட விட்டுக்கொடுக்காதே. நடக்கப் பழகிய கையோடு இது எங்களுக்குப் பழகிவிடும். அன்றும் அலை இழுத்தது, நான் யோசிக்காமலே குதிக்காலை ஊன்றிச் சாய்ந்தேன்.

அதே நேரம், அடுத்த மீன் வாடியிலிருந்து ஒரு புது நாய் எங்கள் பக்கம் வந்தது. எங்கள் கரை நாய்களில் ஒன்று எழும்பிப் போனது. நான் கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் நேராக நடந்து போகவில்லை. இது கொஞ்சம் கடல் பக்கமாக வளைந்தது, அது கொஞ்சம் தென்னை பக்கமாக வளைந்தது. இடையில் ஒன்று நின்று, ஏதோ முக்கிய அலுவல் போல மணலை முகர்ந்தது. கிட்ட வந்தபோதும் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் வந்து, ஒன்றின் வால் பக்கம் மற்றது ஒரு கணம் மூக்கை வைத்து, பிறகு இரண்டும் உடம்பை உதறிவிட்டுத் தத்தம் வழியில் போயின. வாழ்நாள் முழுக்கக் கண்ட காட்சிதான். அன்றுதான் பார்த்தேன்.

பட்டணத்தில் பிறவுணியால் இதில் ஒன்றையாவது செய்ய முடியுமா? அவன் ஒரு நாயைக் கண்டு கயிறு சற்று இழுபட்ட உடனே நான் குதிக்காலை ஊன்றுவேன், பின்னால் சாய்வேன், ஒரு விரற்கடை விடமாட்டேன். கழுத்து மேலே தூக்குப்படும், நெஞ்சு முன்னே தள்ளும், முன்னங்கால் நிலத்தை விட்டு எழும்பும். வளையவும் ஏலாது, முகத்தைத் திருப்பவும் ஏலாது. எதிரே வரும் நாய்க்கு அது சண்டைக்கு அழைப்பதாகத்தானே தெரியும். உட்துறைமுக வீதியில் நான் ஒவ்வொரு காலையும் கரைவலைதான் இழுத்திருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் இழுத்துக்கொண்டிருந்தவர்கள், படித்த பிள்ளைக்கு என்னவோ நடந்துவிட்டது என்பது போலத் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது நாயையும் கயிற்றையும் பற்றிப் போனில் தேடி வாசித்தேன். நான் கண்டதையே அங்கும் எழுதியிருந்தார்கள். பரீட்சையில் நானாகக் கண்டுபிடித்த விடை சரியாக வந்ததுபோல ஒரு சந்தோசம்.

அடுத்த நாள் பின்னேரம் தாதியின் வீட்டுக்குப் போனேன். முழங்காலில் கட்டோடு கேற்றைத் திறந்தா.

"இப்ப வந்தது மன்னிப்புக் கேக்கவோ, மற்ற முழங்காலையும் பதம் பாத்திட்டுப் போகவோ?"

மன்னிப்பும் கேட்டு, யோசனையையும் சொன்னேன். கரைவலைக் கதையைக் கேட்டு அவ சத்தம் போட்டுச் சிரித்தா. பிறகு புரூனோவின் தலையைத் தடவினா.

"இவருக்கும் இந்த ஊரில ஒரு சிநேகிதன் இல்லை," என்றா. "சரி, செய்து பாப்பம். விழுந்தா கட்டுப் போட நான் இருக்கிறன்தானே."

அப்படித்தான் எங்கள் நடை தொடங்கியது. அவ கடல் பக்கம், நான் மதில் பக்கம், நடுவில் முழு வீதி. எதிரெதிராக வராமல் ஒரே திசையில், கயிறு தொங்கத் தொங்க. சொல்வது சுலபம். கயிறு கொஞ்சம் இழுபட்டாலே என் குதிக்கால் தானாக ஊன்றும். பின்னால் வந்த தங்கச்சி உடனே, "அக்கா, வலை" என்பாள். நான் கையைத் தளர்த்துவேன். முதல் நாட்களில் அந்தப் பிள்ளை "வலை, வலை" என்று மீன்காரியைப் போலக் கூவிக்கொண்டே வந்தாள்.

வீதிக்குக் குறுக்காகத்தான் நாங்கள் கதைத்தோம். தாதி ஈச்சிலம்பற்றுக்காரி, வீட்டில் எல்லோருக்கும் வயல் வேலை, அவவும் என்னைப் போல முதல் படித்த பிள்ளை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்த அதே நேரத்தில் வீதியில் நடந்த எல்லோருக்கும் தெரிந்தது. நாளுக்கு நாள் இடைவெளி குறைந்தது. நாய்கள் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நடக்கப் பழகின.

கிட்டச் சந்திக்க வைக்கலாம் என்று ஒரு காலை டச்சுக் குடாக் கடற்கரைக்குப் போனோம். இடம் அகலம், நாய்கள் வளைந்து வரலாம். நாங்கள் மணலில் இறங்கி நெருங்கிக்கொண்டிருக்கும்போது, காளி கோயிலிலிருந்து திரும்பிய வீட்டுக்கார அன்ரி வீதியோரத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"அவ நிக்கிறா," என்று தாதி மெல்லச் சொன்னா. "நாளைக்குச் செய்வமோ?"

பிறவுணி ஏற்கெனவே இரண்டு ஆள் நீளத் தூரத்தில் நின்றான். இப்போது பின்னுக்கு இழுத்தால் கயிறு இறுகும். இறுகினால் எல்லாம் அன்றைக்குப் போலவே முடியும், அதுவும் அன்ரியின் கண் முன்னால். புரூனோ விறைத்து நின்றான், வால் மேலே. பிறவுணியும் நின்றான். என் குதிக்கால் மணலுக்குள் போய்விட்டது. "வலை" என்ற தங்கச்சியின் குரல் வரவில்லை. அவளும் அன்ரியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். இனி யாரும் எனக்குச் சொல்லமாட்டார்கள் என்று தெரிந்தது. நான் கையை முன்னே நீட்டினேன். கயிறு வளைந்து மணலில் விழுந்தது.

பிறவுணி கடலைப் பார்த்தான். சும்மா, படகு ஏதும் வருகிறதா என்பதுபோல. பிறகு ஒரு அரைவட்டம் போட்டுப் பக்கவாட்டில் வந்தான். புரூனோவின் வால் இறங்கியது. இருவரும் ஒருவரையொருவர் முகர்ந்தார்கள். அதிகம் நிற்க விடாமல் தாதி சந்தோசக் குரலில் புரூனோவைக் கூப்பிட்டா, நான் மற்றப் பக்கம் நடந்தேன், இரண்டு பேரும் வந்தார்கள். மூக்கிலிருந்து வால்வரை உடம்பை உதறிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் முறை விட்டபோது பிறவுணி முன்னங்கால்களை மணலில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, விளையாட வா என்று கூப்பிட்டான்.

அன்ரி மணலில் இறங்கி வந்தா. தங்கச்சியின் நெற்றியில் விபூதி பூசினா.

"இதுக்கோ இவ்வளவு நாளும் ரோட்டை ரெண்டாக்கினனீங்கள்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டா. அன்று மத்தியானம் எங்கள் வாசலில் ஒரு பழைய சட்டியில் சோறும் மீன் தலையும் இருந்தன. நாய் நிற்கலாம் என்று அவ வாயால் சொல்லவே இல்லை.

தங்கச்சி இப்போதும் என்னோடுதான் இருக்கிறாள், பரீட்சைக்குப் படிக்கிறாள். பிறவுணிக்கு எல்லா நாயையும் பிடிக்கும் என்றில்லை. எதிரில் வருவது விறைத்து முறைத்தால் நாங்கள் பேசாமல் வீதியைக் கடந்துவிடுவோம். அதுவும் ஒரு மரியாதைதான்.

புது அலுவலகம், புது மேசை, புது மேலதிகாரி என்று எங்கே போனாலும் முதல் படித்தவள் என்ற நெஞ்சை முன்னே தள்ளிக்கொண்டு நேராகப் போய் நிற்பது என் வழக்கமாக இருந்தது. இப்போதும் தலை நிமிர்ந்துதான் போகிறேன். ஆனால் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் எதிரில் போய் நிற்காமல் முதலில் அவரோடு கொஞ்சத் தூரம் பக்கத்தில் நடந்து பார்க்கிறேன், பேச்சு அதன் பாட்டில் வந்து சேர்கிறது.