நேர்ந்து விட்ட சேவல்

என் நாவலூர் ஃபிளாட்டின் பால்கனிச் சுவரில் ஒரு பழைய முறம் மாட்டியிருக்கிறது. அண்ணி எங்களோடு வந்தபோது கேட்டு எடுத்துவந்த ஒரே பொருள். அதில் யாரும் அரிசி புடைப்பதில்லை. முதுகுப் பக்கம் முழுக்கக் கீறல், இரண்டு இடத்தில் ஓட்டையே விழுந்திருக்கிறது. எல்லாம் ஒரு சேவலின் வேலை.

அப்போது திருவிடந்தையில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணி கோழி வளர்த்தார். ஒருமுறை அடைவைத்துப் பொரித்த குஞ்சுகளில் சேவல்களே அதிகம். ஒரே கொல்லையில் விட்டால் ஒன்றையொன்று கொத்திக்கொண்டு சாகும் என்று ஒவ்வொன்றாகக் குழம்புக்குப் போயின. ஒன்று மட்டும் தப்பியது. அண்ணன் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார். அவர் எழுந்து நடந்தால் ஆடியில் அம்மனுக்குக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டு, அதன் காலில் மஞ்சள் துணி கட்டிவிட்டார் அண்ணி. ஆடிக்கு முன்பே அண்ணன் போய்விட்டார்.

சேவல் மிஞ்சிவிட்டது. வேண்டுதல் பலிக்காததால் கோயிலுக்குக் கொடுக்க வழியில்லை, அறுக்க அண்ணிக்கு மனமில்லை. காலில் முள் வளர வளர அதற்குத் திமிரும் வளர்ந்தது. கொல்லைக்கு யார் போனாலும் பறந்து வந்து அடித்தது. அண்ணி முறத்தை முழங்காலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டுதான் தீனி போடப் போவார். போகும்போதே வசவு தொடங்கிவிடும். “நீ கீற, நல்லா கொழுத்துகினு கீற. உன்ன எடுத்துக்கினு அவர வுடச் சொன்னேனே, கேட்டாளா ஆத்தா?” சேவல் முறத்தில் படபடவென்று அடிக்கும். அண்ணியும் விடமாட்டார். நாங்கள் உள்ளே உட்கார்ந்து சிரிப்போம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது என் மகளின் புருவத்தைக் கிழித்தது. நூலிழையில் கண் தப்பியது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சேவலைச் சாக்கில் போட்டுக்கொண்டு கறிக்கடைக்குப் போனேன். காலிலிருந்த துணியைப் பார்த்ததும் கடைக்காரர் கையை எடுத்துவிட்டார். “நேந்து வுட்டதா அண்ணாத்த? ஆள வுடு, நான் கத்தி வெக்க மாட்டேன்.” அப்போதாவது திரும்பியிருக்கலாம். முட்டுக்காட்டுப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி, துணியை என் கையாலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு வேறு கடையில் கொடுத்துக் கறியாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அண்ணிதான் குழம்பு வைத்தார். எல்லோருக்கும் பரிமாறினார், தான் தொடவில்லை. “கொயந்த கண்ணு பொழச்சிதே, அது போதும் தம்பி” என்றார். ஒரு சொல் திட்டவில்லை.

மறுநாள் காலையில், பழக்கதோஷம், முறத்தை முழங்காலுக்கு முன்னால் பிடித்தபடி கொல்லை நடுவில் வந்து நின்றார். பெட்டைக் கோழிகள் காலைச் சுற்றின. வசவு வரவில்லை. அண்ணன் போன பிறகு அவர் மனம்விட்டுப் பேசியது அந்தச் சேவலோடு மட்டும்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாவி, அதையும் நான் அறுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே வந்தும் அவர் யாரையும் எதற்காகவும் திட்டியதில்லை. போன வாரம் முறத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். “என்னையாவது திட்டுங்க அண்ணி” என்றேன். வாங்கித் தூசு தட்டினார். ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். திரும்ப ஆணியில் மாட்டினார்.

“உன்ன இன்னாத்துக்கு தம்பி திட்டப் போறேன்” என்றார்.