மேலே போகக் கீழே திருப்பியவன்

மைன்ராட்டுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஏரிக்கரையில் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் பிரம்பை ஒடித்து அடுப்பில் போட்டவன். படகுத்துறை அதிகாரியின் தொப்பியைத் தண்ணீரில் தட்டிவிட்டு ஒரு வாரம் வேலையிழந்து திரிந்தவன். பெண் பார்க்கப் போன வீட்டில், மாமனாராக வரவேண்டியவர் புகையில் வாட்டிய மீனைக் குறை சொன்னார் என்று எழுந்து வந்தவன். அதற்குப்பிறகு கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. இந்தக் கோபங்களுக்கெல்லாம் யாரும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் 1911 ஆகஸ்டில் அவனுக்கு வந்த கோபம் நூற்றுக்கு நூறு நியாயமானது. அதை அவன் கொண்டுபோய்க் கொட்டிய இடம்தான் தப்பு.

பதினாறு வருடம் ஏரியின் நம் ஜெர்மன் கரைக்கும் எதிரேயுள்ள சுவிஸ் கரைக்கும் ஓடும் நீராவிப் படகில் சுக்கான் பிடித்தவன் அவன். கரையோரம் பெரிய கொட்டகை எழுப்பி ஆகாயக் கப்பல் கட்ட வந்த கம்பெனிக்காரர்கள், சுக்கான் பிடிக்க ஆள் தேடி நேரே படகுத்துறைக்குத்தான் வந்தார்கள். காற்றும் தண்ணீர் மாதிரிதானே என்று அவர்களுக்கு எண்ணம். மைன்ராட் போனான். அவன் தங்கை வால்புர்காவின் கணவன் வெண்டலினும் போனான். சாது மனிதன், இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிற வேலை கிடைத்தது.

கப்பலின் பெயர் ஹெட்விக். நூற்று முப்பது மீட்டர் நீளம். துணி உறைக்குள் பதினைந்து வாயுப் பைகள், அடியில் தொங்கும் இரண்டு கூடங்கள். முன்கூடத்தில் இரண்டு சக்கரங்கள். ஒன்று இடம் வலம் திருப்ப, இன்னொன்று ஏற்றி இறக்க. இரண்டாவது மைன்ராட்டுடையது. அதைப் பிடிப்பவன் முன்னே பார்த்து நிற்க மாட்டான். பக்கவாட்டில் திரும்பி நிற்பான். சக்கரத்தை மூக்குப்பக்கம் சுற்றினால் வாலிலுள்ள பலகைகள் சாய்ந்து மூக்கு கீழே போகும். வால்பக்கம் சுற்றினால் மூக்கு எழும்பும். ஆணி அடித்த பூட்ஸ் தீப்பொறி கிளப்பும் என்பதால் காலில் கம்பளிச் செருப்பு. அந்த மெல்லிய அடிப்பாகம் வழியாகத் தரை சாய்வதை மைன்ராட் உள்ளங்காலால் கண்டுபிடிப்பான். எதிரே கண்ணாடிக் குழாயில் ஓடும் குமிழி அதற்கப்புறம்தான் நகரும்.

அந்த உள்ளங்கால்தான் அவனுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தது. கப்பல் வேகமாகப் போகும்போது சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்கும். மெதுவாகப் போகும்போது கேட்காது. கேட்காதது மட்டுமல்ல, எதிராகச் செய்யும். மூக்கை ஏற்றச் சுற்றினால், வாலிலுள்ள பலகை வாலை அமுக்கும். அவ்வளவு மெதுவில், ஏறிய மூக்குக்கு அடியில் கப்பலைத் தூக்கக் காற்று போதாது. ஆக மூக்கு ஆகாயத்தைப் பார்த்திருக்க, கப்பல் மொத்தமாகக் கீழே இறங்கும். மூக்கை இறக்கச் சுற்றினாலோ, பலகை வாலைத் தூக்க, கப்பல் மொத்தமாக மேலேறும். இதை அவன் இரண்டு மூன்று முறை கவனித்திருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. படித்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தான். பாவம், அவனுக்குப் படித்தவர்களைத் தெரியாது.

ஆகஸ்டில் பதினொரு பயணிகளோடு திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. உறை ஊறிக் கனத்தது. இரண்டு இயந்திரத்தில் ஒன்று நின்றது, மற்றது இருமிக்கொண்டு ஓடியது. கப்பலை இலேசாக்குவதற்கென்று வைத்திருந்த சுமைத் தண்ணீரெல்லாம் கொட்டியாகிவிட்டது. எதிரே பீருக்குக் கசப்பேற்றும் ஹாப் கொடி படரும் தோட்டம். ஏழு மீட்டர் உயரத்தில் ஈட்டி நட்டாற்போல் கம்பங்கள். கூடத்தில் நின்றிருந்த டாக்டர் குன்ட்ஸ்மன் கத்தினார். கப்பலின் வாலை வரைந்த பொறியாளர் அவர்தான்.

"ஏத்து! ஏத்துடா!"

மைன்ராட் சக்கரத்தை வால்பக்கம் முழுக்கச் சுற்றினான். மூக்கு எழும்பியது, கப்பல் இறங்கியது. இன்னும் இறங்கியது. அவன் சட்டென்று சக்கரத்தை மறுபக்கம் சுற்றத் தொடங்கினான்.

"கீழே திருப்புறியேடா பாவி! எங்களைக் கொல்லப் பாக்குறியா?" குன்ட்ஸ்மன் அவன் தோளில் குத்தினார்.

"கையை எடுங்கய்யா!" என்று முழங்கையால் அவரைத் தள்ளிவிட்டுச் சுற்றி முடித்தான் மைன்ராட்.

வால் எழும்பியது. மூக்கு கொஞ்சம் தணிந்தது. ஆனால் கப்பல் இறங்குவதை நிறுத்திவிட்டு ஓர் ஆள் உயரம் மேலேறியது. கம்பங்களின் நுனியை உரசாத குறையாகத் தாண்டி ஏரிக்குப் போய்த் தண்ணீரில் மெத்தென்று அமர்ந்தது. ஒரு குழந்தைக்குக்கூடச் சிராய்ப்பில்லை.

மறுநாள் அவனுக்கு மாலை போட்டிருக்க வேண்டும். போட்டது என்ன தெரியுமா? ஒரு காகிதம். 'பதற்றத்தில் சக்கரத்தைத் தவறான பக்கம் திருப்பிவிட்டேன். தற்செயலாக வீசிய காற்று கப்பலைக் காப்பாற்றியது.' அடியில் அவன் கையெழுத்துக்கு இடம்.

"டாக்டர் ஐயா, நான் தப்பா திருப்பல," என்றான் மைன்ராட். "மெதுவா போறப்ப சக்கரம் தலைகீழா வேலை செய்யுது. நாளைக்கே ஏரிக்கு மேல கொண்டுபோவோம். ஒரு இயந்திரத்துல ஓட்டி, கண்ணெதிர்ல காட்டறேன்."

குன்ட்ஸ்மன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பல்லைப் பிடிச்சுப் பாக்கறதுக்கு இது சந்தைக் குதிரையா? வாலோட கணக்கைப் போட்டவன் நான். படகுக்காரன் நீ எனக்கு வால் பாடம் எடுக்கறியா?"

"கணக்கு மழையில நனையலை ஐயா. கப்பல் நனைஞ்சுது."

"கையெழுத்துப் போட்டா சக்கரம் உன்னோடது. போடலைன்னா தரையில கயிறு பிடி."

விஷயம் இதுதான்: அக்டோபரில் ராணுவ அதிகாரிகள் கப்பலைப் பார்த்து வாங்க வருகிறார்கள். வாலில் கோளாறு என்று ஒரு வரி எழுத்தில் இருக்கக் கூடாது. ஆளில் கோளாறு என்றால் ஆளை மாற்றிவிடலாம். வாலை மாற்றினால் டாக்டரின் மானம் கப்பலேறிவிடும். பதினொரு உயிரைக் காப்பாற்றியவனைப் பார்த்துத் தப்பு செய்தேன் என்று எழுதித் தரச் சொல்ல எப்படி மனம் வந்ததோ, அந்தக் கையெல்லாம் விளங்குமா!

மைன்ராட் காகிதத்தை நாலாகக் கிழித்து மேசைமேல் வைத்துவிட்டு வந்தான். மறுநாளிலிருந்து, இறங்கும் கப்பலைத் தரைக்கு இழுக்கும் ஆட்களோடு நின்று கயிறு பிடித்தான். வேலையை விட்டு விலகியிருக்கலாம்; விலகினால் தப்பை ஒப்புக்கொண்டது போலாகும் என்று வீம்பு. சக்கரத்துக்கு மேலே குன்ட்ஸ்மன் ஓர் அறிவிப்புப் பலகை மாட்டினார்: 'மேலே போக வால்பக்கம். கீழே போக மூக்குப்பக்கம். எந்நிலையிலும்.' சக்கரத்துக்கு வேறு ஆளையும் போட்டார். அந்த ஆள் வெண்டலின்.

அங்கேதான் மைன்ராட்டின் கோபம் தடம் மாறியது. குன்ட்ஸ்மனிடம் காட்ட முடியாததையெல்லாம் தங்கை புருஷன்மேல் காட்டினான். பேச்சை நிறுத்தினான். தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனான். என் கம்பளிச் செருப்பில் கால் நுழைத்த பயல் என்று சாராயக் கடையில் எல்லோர் காதிலும் விழச் சொன்னான். வெண்டலின் அந்த வேலையைக் கேட்டு வாங்கவில்லை. மாட்டேன் என்றால் மூன்று பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டும். அது மைன்ராட்டுக்கும் தெரியும்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் பீர்க் கடைக்கு நடக்கும்போது வெண்டலின் தயங்கித் தயங்கி அவன் பக்கத்தில் வந்தான்.

"மச்சான், ஒரு நிமிஷம். அன்னைக்கு என்னதான் செஞ்சீங்க? எனக்கு மட்டும் சொல்லுங்க. மெதுவா போறப்ப ஏதோ சரியில்லாத மாதிரி இருக்கு. காலுக்குத் தெரியுது, கைக்குப் புரியல."

மைன்ராட் அவனை மேலும் கீழும் பார்த்தான். சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது.

"பலகையில எழுதியிருக்கு இல்ல?" என்றான். "அதுப்படி செய். தப்பு செஞ்சவன்கிட்ட வந்து எதுக்குக் கேக்கறே?"

"விளையாடாதீங்க மச்சான்."

"விளையாடல மாப்பிள்ளே. பலகைப்படி செஞ்சா ஒண்ணும் ஆகாது." சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டான்.

அக்டோபரில் கூர்த்தொப்பி வைத்த அதிகாரிகள் ஆறு பேர் மைதானத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அவர்கள் நடுவில் குன்ட்ஸ்மன். விடிந்ததிலிருந்து பனிமூட்டம், கப்பல் ஈரத்தில் கனத்துத் திரும்பி வந்தது. இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்தார்கள். கொஞ்சம் முன்னதாகவே குறைத்துவிட்டார்கள். படகுத்துறையின் கல்மேடைக்கு மேலே வரும்போது உயரம் போதவில்லை. ஏறியாக வேண்டும்.

கயிற்றுக்காகக் காத்திருந்த மைன்ராட் வால்பலகைகள் நிமிர்வதைப் பார்த்தான்.

"வேண்டாம்! மூக்குப்பக்கம்! மூக்குப்பக்கம் சுத்து!" தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினான். இயந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? பக்கத்திலிருந்த கயிற்றுக்காரன் ஒருவன் சிரித்தான்: "பாரு, கீழே திருப்பச் சொல்றான். இவனுக்கு இன்னும் புத்தி வரல."

மூக்கு எழும்பியது. வால் இறங்கியது. கரையோரம் நெடிதுயர்ந்து நின்ற பாப்ளார் மரங்களில் வால் சிக்கி, கப்பல் நடுவில் முறிந்தது. முன்கூடம் அறுந்து கல்மேடையில் விழுந்தது. வெண்டலினும் இன்னொரு சுக்கான்காரனும் அங்கேயே போய்விட்டார்கள்.

முதலில் போய்ச் சேர்ந்தவன் மைன்ராட்தான். சக்கரம் உடையவில்லை. வால்பக்கம் கடைசிவரை சுற்றி இறுகியிருந்தது. வெண்டலின் பலகையில் எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல் செய்திருந்தான்.

கம்பெனியின் அறிக்கை ஐந்தாம் நாளே வந்தது. 'சுக்கான்காரர் நிலை குலைந்து சக்கரத்தைத் தவறான பக்கம் திருப்பியதால் விபத்து. இவருடைய உறவினரும் இதே தவறைச் செய்தவர்.' செத்தவன் வந்து மறுத்துப் பேசவா போகிறான்! வெண்டலினின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் 'தப்புச் சக்கரம்' என்று கூப்பிட்டார்கள். இறந்துபோன இன்னொருவனின் தாய், கோயில் வாசலில் வால்புர்காவின் முகத்துக்கு நேரே காறித் துப்பினாள்.

அரசாங்க விசாரணைக்கு ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நகர மன்றக் கூடம் நிரம்பி வழிந்தது. வால்புர்கா கறுப்பு உடையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மைன்ராட் எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். உள்ளங்கால், மழை, ஹாப் கம்பங்கள், கிழித்த காகிதம், இறுகியிருந்த சக்கரம். சொல்லச் சொல்ல அவன் குரல் உயர்ந்தது. "அவன் தப்பா திருப்பல. நீங்க எழுதி மாட்டினதைத் திருப்பினான். பலகைதான் அவனைக் கொன்னுது!"

குன்ட்ஸ்மன் நிதானமாக எழுந்தார். "நல்ல கதை. ஒரே ஒரு கேள்வி. இது உனக்கு ஆகஸ்ட்லயே தெரியும்னா, சொந்தத் தங்கை புருஷனுக்குச் சொல்லியிருப்பியே? சொன்னியா?"

கூடம் மைன்ராட்டைப் பார்த்தது. சொன்னேன் என்றால் வெண்டலின் கேட்காமல் செத்த மடையனாகிவிடுவான். சொல்லவில்லை என்றால், தெரியாததால்தான் சொல்லவில்லை, இப்போது கதை கட்டுகிறான் என்று குன்ட்ஸ்மன் முடித்துவிடுவார். மிச்சமிருந்தது உண்மை ஒன்றுதான். அவன் தங்கையைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்தான்.

"அவனே வந்து கேட்டான். பலகைப்படி செய்யுன்னு சொல்லிட்டேன். தெரிஞ்சேதான் சொன்னேன். என் வேலையை எடுத்துக்கிட்டான்னு கோபம். எழுதிக்குங்க."

தன் தலையில் தானே இப்படி ஒன்றைப் போட்டுக்கொள்கிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று அந்த அதிகாரிக்குப் பட்டிருக்க வேண்டும். வசந்தத்தில் கம்பெனியின் இன்னொரு கப்பலை ஏரிக்கு மேலே மெதுவாக ஓட்டிச் சோதித்தார்கள். மைன்ராட் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. பலகையை எடுத்துவிட்டு வேறு பலகை மாட்டினார்கள். குன்ட்ஸ்மன் அந்த விஷயத்துக்கு நீளமாக ஒரு பெயர் வைத்து, தான் கண்டுபிடித்ததாகக் கட்டுரை எழுதிப் பதக்கம் வாங்கினார். பதக்கத்தைக் குத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் உலாவவும் செய்தார். வெட்கம் என்பது படிப்போடு சேர்ந்து வருவதில்லை போலிருக்கிறது.

தீர்ப்பில் ஒரு வரி இருந்தது: 'சுக்கான்காரர் வெண்டலின் விதிகளின்படியே நடந்தார், அவர்மீது குற்றமில்லை.' தீர்ப்பின் நகலை மைன்ராட் தானே தங்கை வீட்டுக்கு எடுத்துப் போனான். விசாரணை நாளிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. இதைப் பார்த்தாலாவது மனம் இளகும் என்று நினைத்தான்.

வால்புர்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். இரண்டு முறை படித்தாள். மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

"பிள்ளைங்களுக்குக் காட்டறேன்," என்றாள். பிறகு கத்தியைக் கையில் எடுத்தாள். ஆனால் உரிக்கவில்லை.

"அண்ணே, அந்தப் பலகையை அவர் நம்பவே இல்ல, தெரியுமா? ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுப்பாரு. கால் ஒண்ணு சொல்லுது, பலகை ஒண்ணு சொல்லுதும்பாரு. அந்த ஞாயித்துக்கிழமை உன்னைப் பாத்துட்டு வந்துதான் நிம்மதியா ரெண்டு தட்டு சாப்பிட்டாரு. 'மச்சானே சொல்லிட்டாரு, பலகை சரிதானாம். இனிமே பயமில்ல வால்புர்கா'ன்னாரு."

மைன்ராட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ஆயுள் முழுக்க யார்மீதாவது கோபப்பட்டே பழகியவன். கோபித்துக்கொள்ள அந்த அடுக்களையில் அவனைத் தவிர வேறு யாரும் இல்லை.