அமெரிக்கத் திருநாளுக்குக் கொண்டுபோன சோறு

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் எங்களுக்கு டேனிஷ் மொழி படிப்பித்த ஆசிரியை, ஜூலை நான்காம் திகதி ரெபில் குன்றுகளில் அமெரிக்கச் சுதந்திர தினம் கொண்டாடுவார்கள், எல்லோரும் வாருங்கள் என்றார். டென்மார்க்கில் எதற்கு அமெரிக்காவின் திருநாள்? ஒருகாலத்தில் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறிய டேனிஷ்காரர்கள், வசதி வந்தபின் இந்தக் குன்றுகளை வாங்கித் தாய்நாட்டுக்கே கொடுத்தார்களாம். ஆண்டுதோறும் இங்கே கூடிக் கொண்டாட விடவேண்டும் என்பதுதான் நிபந்தனை. அட, இவர்களும் எங்களைப் போல ஊரைவிட்டுப் போனவர்கள்தானா! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது அகதிகளாக வந்த தமிழர்களின் குடும்பங்களை டேனிஷ் அரசாங்கம் உள்ளே விடாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. என் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். மகளை நான் கண்டதே இல்லை. அவள் வயிற்றில் இருக்கும்போது புறப்பட்டவன் நான்.

திருவிழா என்றால் அன்னதானம் இல்லாமலா? என்னோடு அறையில் இருந்த அண்ணை விடிய எழும்பி, பெரிய பானை நிறையச் சோறும், கத்தரிக்காய்க் குழம்பும் காய்ச்சிவிட்டார். அங்கே போனால் அவரவர் கூடை, அவரவர் பாண். நாங்கள் மட்டும் கடை போட்டவர்கள் மாதிரி நின்றோம். எட்டிப் பார்த்தவர்கள் விலை கேட்டார்கள்.

"காசு வேண்டாமெண்டு சொல்லடாப்பா," என்று அண்ணை என்னை இடித்தார்.

சொன்னேன். சனம் இன்னும் விலகிப்போனது.

துணிந்து முதலில் தட்டை நீட்டியவர் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா. அவருடையது பெற்றோரிடம் பழகிய நாட்டுப்புற டேனிஷ், என்னுடையது வகுப்பறை அரைகுறை, நன்றாகவே ஒத்துப்போயிற்று. அவருடைய அப்பா முதலில் தனியாக அமெரிக்காவின் நெப்ராஸ்காவுக்குப் போய்ப் பண்ணைவேலை செய்தாராம். தாயார் டென்மார்க்கில் வருடக்கணக்காகக் காத்திருந்துதான் போய்ச் சேர்ந்தாராம். "அதற்குப் பிறகு பிறந்தவள் நான்," என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து மற்றவர்களும் வரிசை கட்டினார்கள். அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கோ சிரிப்போடு கோபமும் வந்தது. தங்கள் சனம் பிரிந்து சேர்ந்த கதையைக் கொடியேற்றிக் கொண்டாடுகிற நாடு, என் பெண்சாதி பிள்ளையை மறிப்பானேன்?

ஒருவழியாக அனுமதி வந்தது. விமான நிலையத்தில் கதவு திறந்து, தாயின் கையைப் பிடித்தபடி மகள் நடந்து வந்தாள்.

மனைவி கிட்ட வந்து பெட்டியைக் கீழே வைத்தாள். "என்னப்பா, பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பிள்ளையைத் தூக்குங்கோவன்."