கிணற்றடியில் துப்பிய கொய்னா

காய்ச்சலுக்குக் கொடுத்த கொய்னா மருந்தை என் மகள் துப்பிய அன்று, கண்மண் தெரியாமல் அவளை அடித்துவிட்டேன். வீட்டுக்காரர் ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு கரண்டி மருந்துக்கா இந்த அடி என்று கேட்டார். அவருக்கு அஞ்சலையைத் தெரியாது. மறுநாளே சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துக்குப் போனேன்.

அஞ்சலை எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. இருவருக்கும் எட்டு வயது. மலேரியாக் காய்ச்சல் வராமலிருக்க, தினமும் விடிந்ததும் தோட்டத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஆளுக்கொரு கரண்டி கொய்னா ஊற்றுவார். வேப்பங்காயே அதற்கு முன்னால் வெல்லம். விழுங்குவதுபோல் தொண்டையில் 'மடக்'கென்று சத்தம் காட்டிவிட்டு, கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கிணற்றடியில் துப்பலாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மகராசி நான்தான். பெரிய கெட்டிக்காரி!

ஒருநாள் என் அம்மா கண்டுபிடித்து முதுகில் நாலு வைத்தாள். அன்றிலிருந்து நான் மருந்தை விழுங்கினேன். அதை அஞ்சலையிடம் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பாளே! தினமும் அவளோடு கிணற்றடிக்கு ஓடி வெறும் எச்சிலைத் துப்பினேன். அவள் மருந்தைத் துப்பினாள்.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாளில் போய்விட்டாள். அவளைக் கிடத்தியிருந்த இடத்துக்குப் போய், "அத்தை, கொய்னாவ…" என்று நான் வாயெடுத்ததும் அவள் அம்மா என்னை இழுத்து மார்போடு இறுக்கிக்கொண்டாள். எனக்கு மூச்சு முட்டியது. பெற்ற பிள்ளையைப்போல் கட்டிக்கொண்டாளே என்று சுற்றியிருந்த பெண்கள் அழுதார்கள். அதன்பிறகு யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இத்தனை வருஷம் கழித்துப் போய் நின்றபோது, அஞ்சலையின் அப்பா வாசலில் ரப்பர் பால்வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அலமாக்! நம்ம அஞ்சலை கூட்டாளியா? வா தாயி. தெனமும் அவள மருந்துக்கு நீதானே இழுத்துட்டுப் போவே. ஒரு நாள் தவறாம குடிச்சா. குடிச்சும் எமன் விட்டானா, பாரு."

பாவி, என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டி. அவ துப்புறத நானே பாத்தேன். அந்த மருந்து உள்ள போனா குடிச்ச கஞ்சியெல்லாம் வாந்தி எடுப்பா. வயிறாவது நெறையட்டும்னு விட்டுட்டேன். மெதுவாப் பேசு. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் என்னைத் திட்டக்கூட ஆள் இல்லை. புறப்படும்போது அஞ்சலையின் அப்பா, "அடிக்கடி வந்துட்டுப் போ தாயி, ஒன்னப் பாத்தா எம்மவளப் பாத்த மாதிரி இருக்கு" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இனி அங்கே எந்த முகத்தோடு போவேன்?

சாவு வீட்டில் அத்தை என்னைக் கட்டிக்கொண்டது பாசத்தால் என்றே நம்பியிருந்தேன். அவள் என் வாயைப் பொத்தினாள் என்று எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?