முற்றத்துக்கு எதிரே மூன்று மானிட்டர்கள்

கல்யாணப் பத்திரிகையில் மணப்பெண்ணின் பெயரில் ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். அச்சகத்துக்காரர் பார்த்துத் திருத்திக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். கரமனை அக்ரஹாரத்து வீட்டில் உட்கார்ந்தபடியே தமிழிலும் மலையாளத்திலும் பத்திரிகைகளை டைப் செட் செய்து அனுப்புவதுதான் என் வேலை. அது போனால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

முற்பகலிலேயே கண் எரியத் தொடங்கிவிடும். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கண்ணில் கோளாறு இல்லை, நீர்தான் போதவில்லை, கம்ப்யூட்டரைக் குறைத்தால் நல்லது என்றார்.

"அப்போ கேடு மானிட்டருக்காக்கும்," என்றார் என் வீட்டுக்காரர். ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கும் ஒரு வேலை வேண்டியிருந்தது.

பழைய சாமான் கடையிலிருந்து முதலில் ஒரு குண்டு மானிட்டர் வந்தது. அதைத் தூக்கி வைக்க ஓட்டோக்காரரும் கைகொடுக்க வேண்டியிருந்தது. எழுத்து மெத்தென்று இருந்தது, ஆனால் திரை ஓயாமல் துடித்தது. அடுத்து வந்தது பழைய சதுர மானிட்டர். பளபளப்பு இல்லாத, அழுதுவடிகிற முகம். என்னுடைய அகல மானிட்டரையும் சேர்த்து மூன்று. ஒவ்வொன்றையும் அதே மேஜையில் வைத்து அதே பத்திரிகையைத் திறந்தார். போன் கேமராவைக் காட்டி, திரை துடித்தால் அதில் ஓடும் கறுப்புப் பட்டை தெரிகிறதா என்று பார்த்தார். குங்குமச் சிமிழைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துச் சிவப்பை ஒத்துப் பார்த்தார்.

"இதுல குங்குமம் செங்கல்பொடி மாதிரின்னா இருக்கு!"

"புள்ளி தெரியறதே. எனக்கு அது போரும்," என்றேன். சதுர மானிட்டரில் புள்ளி அத்தனையும் அரிசி பொறுக்குகிற மாதிரி தனித்தனியாகத் தெரிந்தது. ஆனாலும் கண் எரிச்சல் மட்டும் போகவில்லை. மூன்றிலும் எரிந்தது. அச்சகத்தில் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

ஒரு நாள் காலையில் அவர் தம் ஈர வேஷ்டியை முற்றத்துக் கொடியில் விரித்துப் போட்டார். திரைக்குப் பின்னாலிருந்த வானம் மறைந்தது. வேஷ்டி உலரும்வரை என் கண் எரியவே இல்லை. அவர் அதை எடுத்து மடித்ததும் மறுபடி எரிந்தது.

"ஏன்னா, வேஷ்டியத் திரும்பப் போடுங்கோ!"

அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஜன்னல் கிடையாது. முற்றத்து வெளிச்சம் இருக்கட்டுமென்று அதைப் பார்த்தே நான் மேஜையைப் போட்டிருந்தேன். அந்த வெளிச்சம் நேரே கண்ணில் அடித்திருக்கிறது. மானிட்டர்கள் பாவம், வீணாகத் திட்டு வாங்கியிருக்கின்றன. எதிர்ப்பக்கம் திருப்பினால் திரையில் முற்றத்து வெளிச்சம் பிரதிபலிக்கும். கிழக்குச் சுவரில் பூஜை அலமாரி. மிச்சம் மேற்குச் சுவர்தான்.

"அங்க போட்டா சாமிக்கு நாளெல்லாம் முதுகைக் காட்டிண்டு ஒக்காரணும். என்னால ஆகாது," என்றேன். அலமாரிக்கு முதுகு காட்டி உட்காரும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. வேலையை விட்டாலும் விடுவேனே தவிர இதற்கு இணங்கமாட்டேன்.

மறுநாள் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தபோது மேஜை மேற்குச் சுவரோடு சேர்ந்திருந்தது, அதன்மேல் சதுர மானிட்டர். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பிறகுதான் என் நாற்காலிக்குப் பின்னால் அவருடைய நாற்காலியைப் பார்த்தேன். அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்து அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நீ அந்தண்டை பாத்து வேலை செய்," என்றார், திரும்பாமலே. "உன் முதுகு தெரியாம நடுவுல நான் இருக்கேன். சாமிக்கு என் மூஞ்சியாக்கும் இனி, கேட்டயா."

பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் பேப்பர் சரசரத்தது. இந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டே பத்திரிகையைத் திறந்தேன். ஒரு புள்ளியும் தெரியவில்லை. கண்ணில் நீர் போதவில்லை என்ற டாக்டர் அப்போது என்னைப் பார்த்திருக்க வேண்டும்.