சத்தம் போடாத பல்லி

சான் ஹோசேக்குத் தெற்கே ஒரு புல்மேடு. அடிவாரத்தில் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும் குட்டை. வருஷத்தில் பாதிக்கு மேல் தரையணில் தோண்டிய வளைகளுக்குள் பதுங்கிக் கிடக்கும், பார்க்கப் பல்லி போலிருக்கும் புலி சாலமாண்டர்கள், நல்ல மழை பெய்தால் முட்டையிட அங்கே இறங்கி வரும். சுற்றிலும் குட்டைகளைத் தூர்த்து வீடு கட்டியது போக மிஞ்சிய கொஞ்சநஞ்சம் இவைதான். அவற்றை எண்ணுவதற்காகக் குட்டையைச் சுற்றி முழங்கால் உயர வேலி. வேலியோரம் வாய்மட்டத்துக்குப் புதைத்த வாளிகள். வருகிற ஜீவன் வேலியில் முட்டி, வழி தேடி நடந்து, வாளிக்குள் விழும். விடிந்ததும் ஸ்வர்ணா வந்து எண்ணி, அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே எடுத்து விட வேண்டும்.

மூன்று மழைக்காலமாக இதுதான் அவள் வேலை. அதற்கு முன் எட்டு வருஷம், விலங்கியல் எம்.எஸ்சி. பட்டத்தை ஃபைலில் வைத்துவிட்டு, கணவன் ஜெயபிரகாஷுக்கு டிபன் கட்டினாள். தோலாலேயே தண்ணீர் குடிக்கிற பிராணி என்பதால் கைக்கு க்ரீம் கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது.

"பல்லிக்காக எண்ணெய் வைக்காத பொண்டாட்டி எனக்குத்தான் வாய்ச்சிருக்கா" என்பான் அவன்.

"பல்லி இல்ல ஜேபி. இது தவளைக்குச் சொந்தம்."

சொன்னால் ஏறுமா? பாட்லக் விருந்துக்குப் போகிற வீடெல்லாம் அவள் பல்லி ஆன்ட்டிதான்.

அவள் வேலை செய்யும் அனுமதி அவன் விசாவில் தொங்குகிறது. அந்த அனுமதி கார்ட் இன்று முடிகிறது. ஆறு மாதத்துக்கு முன்பே ரின்யூவலுக்கு அப்ளை பண்ணியாயிற்று, வந்தபாடில்லை. சம்பளமே வேண்டாம், சும்மா வருகிறேன் என்றுகூடக் கெஞ்சிப் பார்த்தாள். சம்பளம் வாங்கிய வேலையைச் சும்மாவும் செய்யக் கூடாது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். என்ன சட்டமோ!

ஏழாவது வாளியில் ஒன்று கிடந்தது. கறுப்பு உடம்பில் மஞ்சள் திட்டு, முட்டை நிறைந்த வயிறு. வழுக்கும் சுவரில் ஏறி ஏறிச் சரிந்துகொண்டிருந்தது. கையை நனைத்து அதை எடுத்தபோது ஃபோன் அடித்தது. இடது கையால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னைக்கும் அப்ரூவல் மெயில் வரல ஸ்வர்ணா." ஜெயபிரகாஷின் குரல் இறங்கியிருந்தது. "ஆனா வந்துடும். கண்டிப்பா வந்துடும், பாரு."

ஊரில் இப்படிச் சொல்லும்போது சுவரில் பல்லி கத்தினால், அம்மா தரையைத் தட்டி "சத்தியம்" என்பாள். படிக்கிற காலத்தில் அதைக் கேலி செய்தவள்தான் ஸ்வர்ணா. இப்போது தன்னையறியாமல் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னடி, சத்தமே காணோம்? உன் பல்லி என்ன சொல்லுது?"

"இது பல்லி இல்ல ஜேபி" என்றாள். "இதுக்குக் கத்தத் தெரியாது."

ஃபோனை வைத்துவிட்டு, வேலிக்கு மேலாகக் குனிந்து, குட்டைப் பக்கம் அதை இறக்கினாள். அது ஈரப்புல்லுக்குள் நுழைந்து போயிற்று. தாளில் 'குட்டை நோக்கி' என்று எழுதினாள்.

கேட்டருகே மேலாளர் மானஸா நின்றிருந்தாள். இங்கேயே பிறந்த பெண். தமிழ் புரியும், பேச வராது.

"சோ சாரி, ஆன்ட்டி" என்று கையை நீட்டினாள்.

ஸ்வர்ணா கேட்டுக்கு வெளியே வந்து, பூட்டி, சாவியைக் கொடுத்தாள்.